இடுப்பில் இருப்பது தெரியாது

கடைக்குள் காலை வைத்ததுமே அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறிவிட்டது. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரி, ஆனால் அதைவிடக் கனமாக. பக்கத்துக் கடையில் டோனட் பொரிக்கிற சர்க்கரை வாடை வேறு சுவரைத் தாண்டி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. மங்கையர்க்கரசி புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஹூஸ்டனுக்கு வெளியே, நகத்துக்குச் சாயம் பூசுகிற கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில், ஒரு துப்பாக்கிக் கடையில் தான் நிற்பது யாரோ தன்னைப் பற்றிக் கட்டிவிட்ட புரளிபோல இருந்தது அவளுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கறுப்பு, சாம்பல், ரெண்டு மூன்று ரோஸ் நிறத்தில். நகைக்கடையில் போடுகிற அதே வெள்ளை விளக்கு, அதே கறுப்பு வெல்வெட், ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டின விலைச்சீட்டு. ஒரு மனுஷனுக்கு வயிற்றில் ஓட்டை போடுகிற சாமானுக்கு வெல்வெட் எதற்கு, என்று நினைத்தாள், நினைத்ததும் அந்த வெல்வெட்டில் ஒட்டியிருந்த ஒரு ரொட்டித் துணுக்கு கண்ணில் பட்டது, யாரோ தின்றுகொண்டே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அதற்கப்புறம் அவளால் அந்தத் துணுக்கைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கோமதிநாயகம், அவள் புருஷன், கார்ச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "நீ ஒண்ணும் பேசாண்டாம். சும்மா கூட வா, போதும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளைக் கூட வா என்று கூப்பிட்டது ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். அதனால் வந்தாள். வந்திருக்கக் கூடாது. இல்லை, வந்தே ஆக வேண்டியிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கூடவே வந்திருந்த சென்னியப்பன்தான் பேசிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன், கம்ப்யூட்டர் வேலை, இவர்களுடைய மளிகைக்கடைக்கு வாராவாரம் வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்க வந்து பழகினவன். அவனிடம் துப்பாக்கி மூன்று இருந்தன. அதைச் சொல்லும்போதெல்லாம் மூன்று பிள்ளை பெற்றவன்போல முகம் மலரும். "அண்ணா, உங்களுக்கு இதுதானுங் சரி. நிறை என்னன்னா, சல்லிசு. ரெண்டாவது, ஒல்லி. ஒரு இஞ்சு கனங்கூட இல்லீங். சட்டைய வெளிய உட்டுக்கிட்டா இடுப்புல இருக்கறது ஒருத்தனுக்கும் தெரியாது. உங்க தொப்பைக்கு மேலயே தெரியாதுன்னா பாத்துக்கங்க" என்று சொல்லிச் சிரித்தான். அவன் கடைவாயில் டோனட் சர்க்கரை வெள்ளையாக ஒட்டியிருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் தரகன் பேசுகிறதுதான் இது, மங்கைக்குச் சட்டென்று பிடிபட்டது, அப்படியே அதே ராகம். ஒல்லி, அடக்கம், இருக்கிற இடம் தெரியாது, செலவு வைக்காது. குறையும் சொல்வான் பார், குறையைச் சொன்னால்தான் நிறையை நம்புவார்கள். சொன்னான். "குறைன்னு பாத்தா, சின்னதா இருக்கறதால உதை ஜாஸ்தி. பெருசு மெதுவாத் தள்ளும், இது வெடுக்குன்னு கையத் தூக்கும். பிடி குட்டை, சுண்டு விரலு வைக்க எடமிருக்காது, அந்தரத்துல தொங்கும். உள்ள ஆறு தோட்டா, மேல ஒண்ணு, மொத்தம் ஏழுதான். மலிவான தோட்டா போட்டா சமயத்துல சிக்கிக்கும்." சமயத்துல. எந்தச் சமயத்தில்? அவளைப் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்த்திவைத்து, பொண்ணு நெறம் மட்டு, ஆனா படிப்பு இருக்கு, என்று ஒருத்தர் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இருபத்தொரு வயசு மங்கைக்கு வந்த குமட்டல் இப்போது நாற்பத்தேழாம் வயசில் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் அன்றைக்குப் பேசப்பட்டது ஒரு பெண்ணைப் பற்றி. இன்றைக்கு, ஏழு தடவை. ஒருத்தனுக்கு ஏழு வேண்டுமா, ஒன்று போதாதா, ஒன்றே ஒன்று போதும், என்று எண்ணம் எங்கோ போகப் பார்த்தது, அவள் அதைப் பிடித்து இழுத்து மறுபடியும் ரொட்டித் துணுக்கின்மேல் உட்கார வைத்தாள்.

கோமதிநாயகத்தின் ஆள்காட்டி விரல் கண்ணாடிமேல் நகர்ந்துகொண்டிருந்தது. விரல் போன வழியெல்லாம் வேர்வைத் தடம். அவர் சென்னியப்பன் சொல்வதைக் கேட்கிறமாதிரி தலையை ஆட்டினார், ஆனால் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக அவர் எதையுமே கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மளிகைக்கடையில் ஆளில்லாத நேரம், தொப்பி போட்டவன் ஒருத்தன் வந்து புளிப்பாக்கெட்டை எடுத்துவைத்துவிட்டு, விலை கேட்கிற மாதிரிக் குனிந்து, அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்திருக்கிறான். அதைப் போலீஸிடம் சொன்னார், சென்னியப்பனிடம் சொன்னார், ஊருக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னார். சொல்லாதது ஒன்று. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விட்டு, கால்சட்டையைச் சுருட்டித் துவைக்கிற மிஷினுக்குள் அவரே போட்டார். அந்த மிஷினை எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றே அதுவரை அவருக்குத் தெரியாது. "தண்ணி கொட்டிட்டு" என்றார். ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தமும் மூத்திரமும் மலமும் குப்பி குப்பியாகப் பார்க்கிறவளிடம். மிஷின் மூடியைத் திறந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அதில் அருவருப்பே இல்லை. உடம்பிலிருந்து வருகிற எதிலும் அவளுக்கு அருவருப்பு கிடையாது. உடம்பு பொய் சொல்லாது, பயந்தால் பயந்தேன் என்று சொல்லிவிடும். ரெண்டு மூடி சோப்பு ஊற்றி மறுபடியும் ஒரு தடவை ஓடவிட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கே அவர் கையைப் பிடித்து, பயந்துட்டீங்களா, என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மனுஷர் இப்படி விரலால் கண்ணாடியைத் தடவிக்கொண்டு, ஈரமாகிவிட்ட ஒரு கால்சட்டையை மறக்க ஏழு தோட்டாவைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டார். இதுதான் கசந்தது. வாயில் நிஜமாகவே கசந்தது, எச்சிலை விழுங்கினாள், எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து இறங்கியது.

கடைக்காரப் பெண் ஷெல்பிக்கு முப்பது வயசு இருக்கும். நல்ல சிரிப்பு, கழுத்தில் சின்னச் சிலுவை, வளைகாப்புக்கு வந்தவளைப்போல வயிறு மேடிட்டிருந்தது. ஆறாம் மாசம், என்று மங்கையின் கண் தானாகக் கணக்குப் போட்டது. ஷெல்பி அந்த ஒல்லியானதை எடுத்து, பின்னால் இழுத்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டு, அம்மாவும் பிடித்துப் பார்க்கட்டுமே, வீட்டில் ரெண்டு பேருக்கும் பழக்கம் இருப்பது நல்லது, என்று ஆங்கிலத்தில் சொல்லி மங்கையின் உள்ளங்கையில் வைத்தேவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள். இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. இதற்கு முன்னால் எத்தனை கையோ. பிடியில் சொரசொரவென்று புள்ளி புள்ளியாக, பல்லி முதுகு மாதிரி. அதைவிடக் கேவலம், அது அவள் கைக்குச் சரியாக இருந்தது. சென்னியப்பன் சொன்ன சுண்டுவிரல் குறை அவளுக்கு இல்லை. அவள் கை சின்னக் கை. அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. "பாத்தீங்ளா, அக்காளுக்கு எப்புடிப் பொருந்துதுன்னு!" சின்னக் கைக்கெல்லாம் இது பொருந்தும். அவள் வீட்டில் அவளுக்கு இருக்கிற அதே கை இன்னொருத்திக்கும் இருக்கிறது, அதே குட்டை விரல், அதே வளைந்த பெருவிரல், பிறந்த அன்றைக்கே கோமதிநாயகம் சொல்லிச் சிரித்த கை. கையை உதற வேண்டும்போல இருந்தது, உதறினால் கண்ணாடி உடையும். பெரியப்பா ஞாபகம் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர்த் தகராறு நடந்த வருஷம், பெரியப்பா முதுகுப்பக்கம் சட்டைக்குள் அரிவாளைச் செருகிக்கொண்டுதான் நடமாடுவார். வெளியே பார்த்தால் தெரியாது, கொஞ்சம் விறைப்பாக நடப்பார், அவ்வளவுதான். சாப்பிட உட்காரும்போது காலருக்குள் கையை விட்டு உருவி இலைக்குப் பக்கத்தில் வைப்பார். ரசம் ஊற்றும்போது அதன்மேல் தெறித்துவிடக் கூடாது என்று பெரியம்மா பயந்து பயந்து ஊற்றுவாள். ஒன்பது வயசு மங்கை அந்த அரிவாளைத் தாண்டி அவருக்கு அப்பளம் வைக்க வேண்டும். கடைசியில் அவர் அதை வைத்து யாரையும் வெட்டவில்லை. தண்ணீர்க்காரர்கள் சமாதானமாகிப் போனார்கள். அந்த வருஷ ஆடி மாதம் அவருடைய மூத்த மருமகள்தான், மாமியாரோடு ஏதோ வாய்த்தகராறில், அடுக்களை மூலையில் சாத்தியிருந்ததை எடுத்துத் தன் கையிலேயே... பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த அடுக்களையைக் கழுவினது பெரியம்மா, சாணி போட்டு மூன்று தரம். எதிரிக்கு என்று எடுத்து வைக்கிற எதுவும் எதிரிக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. வீட்டில் யார் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கைக்குப் போகும். மங்கை துப்பாக்கியைக் கண்ணாடிமேல் வைத்தாள். ஷெல்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றாள்.

"இதையே எடுத்துக்கிடுதேன்" என்றார் கோமதிநாயகம். ஷெல்பி படிவத்தை எடுத்து நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயரை எழுத ஆரம்பித்தார். அவர் பெயர் கட்டத்துக்குள் அடங்காது, எப்போதும் அடங்காது, ஓரத்தில் மடக்கி மடக்கி எழுத வேண்டும். மங்கை அவர் தோளுக்கு மேலே கேள்விகளைப் படித்தாள். குற்றம் செய்து தண்டனை பெற்றதுண்டா. போதைப் பழக்கம் உண்டா. மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் உங்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதுண்டா. உங்களை. உங்களை. எல்லாம் உங்களைத்தான். வரிவரியாக விரல் வைக்காமல் கண்ணால் தேடினாள், லேபில் ரிப்போர்ட்டில் ஒரு எண் விடுபட்டிருந்தால் தேடுவதுபோல, மேலிருந்து கீழ், மறுபடியும் கீழிருந்து மேல். அந்தக் கேள்வி இருக்க வேண்டும். இவ்வளவு கேட்டவர்கள் அதைக் கேட்காமலா இருப்பார்கள். உங்கள் வீட்டில் இருபது வயசில் ஒரு மகள் இருக்கிறாளா. அவள் பெயர் இசக்கியம்மாளா, இங்கே அவளைச் சேக்காளிகள் இஸ்ஸி என்றும் வீட்டில் நீங்கள் இசை என்றும் கூப்பிடுகிறீர்களா. பிப்ரவரி மாசம் காலேஜ் விடுதியிலிருந்து அவள் அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் வந்ததா. அம்மா ரெண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், அவசரப் பிரிவில், குழாய் சொருகின அந்தக் குட்டை விரல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா. அப்பாகிட்ட சொல்லாதம்மா, அப்பா தாங்க மாட்டாங்க, என்று அவள் சொன்னாளா. சாப்பாடு ஒத்துக்கலை, ஃபுட் பாய்சன், என்று அம்மா வீட்டில் வந்து சொன்னாளா. அந்தக் கேள்வி இல்லை. படிவம் அதோடு முடிந்து கையெழுத்துக்கு வந்துவிட்டது. மகள் வீட்டோடு வந்துவிட்ட இந்த அஞ்சு மாசமாக மங்கை விடியற்காலையில் எழுந்து அவள் அறைக் கதவில் காதை வைத்து மூச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறாள். வீட்டில் இருந்த மாத்திரையையெல்லாம் லேபில் தன் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறாள். காய்நறுக்கிற கத்திகளை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்து, மொட்டைக் கத்தியால் வெண்டைக்காய் நறுக்குகிறாள். டாக்டரம்மாவிடம் இசை வாரம் ஒரு தடவை போகிறாள், இப்போது கொஞ்சம் சிரிக்கிறாள்கூட, போன வாரம் தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். அந்தச் சட்னியை மங்கை ஒரு வாரமாக நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மனுஷர் அதற்குள் ஒல்லியானதை, அடக்கமானதை, சின்னக் கைக்குப் பொருந்துவதை, வீட்டுக்கு... சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். தன் பிள்ளைக்குக் கொடுத்த சத்தியம். ஒரு தாய் அதை மீறினால் அப்புறம் இசை யாரை நம்புவாள். மீறாவிட்டால் நம்புவதற்கு அவள் எங்கே இருப்பாள். ரெண்டு நினைப்பும் மாறி மாறிச் சுற்றிச் சுற்றி வந்தன, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த வண்டு மாதிரி. அவர் ஊரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. இன்னும் ரெண்டு கட்டம் எழுதி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேனே, என்ன பொம்பளை நான்.

"என்னங்க, எழுதாதீங்க. நம்ம வீட்டுக்கு இது வரக் கூடாது."

"நீ ஒண்ணும் பேசாண்டாம்னு சொன்னம்லா."

"பிப்ரவரியில அது ஃபுட் பாய்சன் இல்ல. இசை மாத்திரையத் தின்னுட்டா. வேணும்னே தின்னா. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பேனா நின்றது. அவர் நிமிரவில்லை. சென்னியப்பன் வாயைத் திறந்தவன் திறந்தபடியே இருந்தான். ஷெல்பிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவள் கை மெல்ல நகர்ந்து துப்பாக்கியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் கோமதிநாயகம்.

முதலில் அவளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. டோனட் கடையில் ஏதோ பாத்திரம் உருண்டது. "என்ன தெரியும்?"

"இன்சூரன்ஸ்காரன் போட்ட கடுதாசி மார்ச் மாசம் வந்துட்டு. தபால்பெட்டியில நாந்தான எடுத்தேன். பிரிச்சுப் படிச்சிட்டு மறுபடியும் ஒட்டி வச்சேன். நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். நீ கத்திய எங்கயோ ஒளிச்சி வச்சிக்கிட்டு வெண்டைக்காயப் பிய்ச்சிப் பிய்ச்சிப் போடுத. எனக்குத் தெரியாம இருக்குமா?"

அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. மங்கைக்கு உடம்பு முழுக்க ஒரு கூச்சம் ஓடியது. நாலு மாசமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இவள் அவர் தூங்கட்டும் என்றும் அவர் இவள் தூங்கட்டும் என்றும், இருட்டில் ரெண்டு பேரும் ஒரே கதவுக்குக் காதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நடுவில் தனியாக. இவர்களுடைய பெருந்தன்மையை நினைத்தால் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

"தெரிஞ்சுமா இங்க வந்து நிக்கீங்க?"

"கடையிலயே வச்சுக்கிடலாம்னு... வீட்டுக்குக் கொண்டாந்துருக்க மாட்டேன்."

"இடுப்புல கெடக்கறத சாயந்திரம் கழத்தி வச்சுட்டுத்தான் வருவீங்களோ? ஒரு நாள் மறந்து வந்துட்டா? ஒரே ஒரு நாளு?"

சென்னியப்பன் பழக்கதோஷத்தில், "அக்கா, அதுக்கு லாக்கர் இருக்குதுங், விரல் ரேகை வச்சாத்தான்..." என்று ஆரம்பித்தான். "தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மங்கை. அவன் முகம் சிவந்து, கடைவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாது" என்றான். முதல் தடவையாக அவனைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை.

கோமதிநாயகம் பேனாவை மூடினார். அது ஒரு தரத்தில் மூடவில்லை, மூடியும் பேனாவும் ஒன்றையொன்று தேடின. "அவன் இங்கன வச்சான்" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார், யாருக்கு என்று இல்லாமல், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து. "ராத்திரியெல்லாம் இங்கன இருக்கு. போக மாட்டேங்குது, மங்கை."

"பயந்துட்டீங்க" என்றாள். மூன்று வாரம் தாமதமாக.

"ஆமா. பயந்துட்டேன்."

படிவத்தை ஷெல்பி பக்கம் தள்ளி, "வேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னார். அவளுக்கு அது புரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மங்கையின் கையை ஒரு நொடி தொட்டாள். அவள் விரலிலும் அந்த எண்ணெய்தான். இருந்தும் மங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வெயில் தார் இளகும்படி அடித்தது. சென்னியப்பன் தன் காரில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி விலகிப் போனான். இவர்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். ஏசியைப் போட ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. "அவ எந்திச்சிருப்பா. போனப் போடு" என்றார். மங்கை போட்டாள், மணி கார் முழுக்க ஒலித்தது. மூன்று. நாலு. தூங்குகிறாள். அஞ்சு. குளிக்கிறாள். சனிக்கிழமை, தலைக்குத் தண்ணி விடுவாள். ஆறு. நாம் ரெண்டு பேரும் இன்றைக்கு வெளியே, வீட்டில் யாரும் இல்லை. இதைத்தான் இவ்வளவு நேரம் நினைக்காமல் இருந்தேன், ரெண்டு மணி நேரமாக யாரும் இல்லை, துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல இங்கே வந்து நின்றவள் அங்கே இருந்திருக்க வேண்டியவள் இல்லையா. ஏழு. கோமதிநாயகம் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னம்மா?" தூக்கக் கலக்கமும் எரிச்சலுமாக ஒரு குரல்.

அவர்தான் பேசினார். "அம்மாடி, அப்பா பேசுதேன். ரெண்டு பேரும் வந்துக்கிட்டிருக்கோம். உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"எதப் பத்தி?"

அவர் மங்கையைப் பார்த்தார். "பிப்ரவரியப் பத்திம்மா" என்றாள் மங்கை. "அப்பாவுக்குத் தெரியும். நாந்தான் சொன்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அப்பா கோவமா இருக்காங்களா?"

"இல்லட்டி" என்றார்.

"சரி" என்றாள் இசை. பிறகு அவசரமாக, "வைக்காதீங்க. ரெண்டு பேரும் வைக்காதீங்க. இப்படியே வாங்க."

அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் பதினோரு மைல். போனை யாரும் வைக்கவில்லை. அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. அடுப்பைப் பற்றவைக்கிற டிக் டிக் கேட்டது. மங்கை ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தார்.